தண்ணீர் இல்லாத ஊரில் ஒரு நந்தவனம்

அரண்மனை கட்ட நினைக்கும் அரசன் முதலில் தேடுவது தண்ணீரைத்தான். ஆறோ, ஏரியோ, வற்றாத ஊற்றோ அருகில் இல்லாத இடத்தில் ராஜதானி நிலைக்காது என்பது எந்தத் தேசத்து மன்னனுக்கும் ஸ்தபதி வந்து சொல்லித் தெரிய வேண்டிய விஷயம் அன்று. ஆயினும், ஐந்து வயது நிரம்புமுன்னரே அரியணை ஏறி, 1643 முதல் 1715 வரை 72 ஆண்டுகள் பிரான்ஸ் தேசத்தை ஆண்ட 14-ஆம் லூயி, தம் வாழ்நாளின் பேராசையாகிய வெர்சாய் அரண்மனைக்கும் அதனைச் சூழ்ந்த உத்தியானவனத்துக்கும் என்று தேர்ந்துகொண்ட இடமோ, பாரிஸ் நகருக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தொலைவில், சொல்லிக்கொள்ளும்படியான நதி ஒன்றுமின்றிச் சேறும் மேடுமாகக் கிடந்த ஒரு வேட்டைக்காடு. அந்த அரசவையிலேயே வாழ்ந்து, அங்கு கண்டதையும் கேட்டதையும் தயவு தாட்சணியமின்றி எழுதி வைத்த சேன்-சீமோன் பிரபு, நல்ல காட்சியும் நல்ல காடும் நீரும் உறுதியான மண்ணும் இல்லாத இடம் என்று அதனை இகழ்ந்ததோடு, இயற்கையை அடக்கி ஆள்வதிலே அரசருக்கு ஒரு தனி இன்பம் இருந்ததென்றும் குத்திக் காட்டினார். அவர் சொன்னதில் பொறாமை கலந்திருக்கலாம்; பொய் கலந்திருப்பதாகத் தெரியவில்லை.

அந்தக் காட்டுக்கு 14-ஆம் லூயிக்கு முன்பே வந்தவர் அவருடைய தந்தையாகிய 13-ஆம் லூயி. வேட்டையாடிக் களைத்த இரவுகளில் தங்குவதற்கென்று 1623-ஆம் ஆண்டில் ஒரு சிறு மாளிகையை அவர் கட்டினார். 1631 முதல் 1634 வரையில் அதனையே செங்கல்லும் கல்லும் கலந்த கட்டடமாகச் சற்று விரித்தார். ஒரு நடுத்தரப் பிரபுவுக்குப் போதுமானது, ஒரு பேரரசனுக்கு அற்பமானது என்று அக்காலத்தவர் எண்ணிய அந்த மாளிகையை மகன் இடித்துவிடவில்லை. பின்னர் எழுந்த மகா சௌதத்தின் நடுவே, பளிங்கு முற்றம் என்று பெயர் பெற்ற இடத்தைச் சுற்றி, தந்தையின் செங்கற்சுவர்களை இன்றும் காணலாம்.

மகனுக்குத் தோட்டத்தின் மீது மோகம் பிறந்த கதையை ஒரு விருந்திலிருந்து தொடங்குவது பொருத்தம். அக்காலத்தில் ராஜ்யத்தின் நிதி நிர்வாகத்தை வகித்த நிகோலா ஃபூக்கே, வோ-லெ-விகோம்த் என்னுமிடத்தில் தமக்கென ஒரு மாளிகையும், அதன் முன்னே ஃபிரெஞ்சு தேசம் அதுவரை கண்டிராத ஒரு நந்தவனமும் அமைத்து, 1661-ஆம் ஆண்டு ஆகஸ்டு 17-ஆம் தேதி மாலை அரசரை அங்கே விருந்துக்கு அழைத்தார். மோலியேர் புதிதாக எழுதிய நாடகம் நடந்தது, நீரூற்றுகள் பொழிந்தன, இரவில் வாணவேடிக்கை விண்ணை நிறைத்தது. 22 வயது அரசர் எல்லாவற்றையும் பார்த்தார். தம் அரண்மனைகளில் எதிலும் இல்லாத ஒன்று தம் ஊழியனிடத்தில் இருப்பதையும் பார்த்தார். மூன்று வாரங்கள் கழியுமுன், செப்டம்பர் 5-ஆம் தேதி, தம் 23-ஆவது பிறந்தநாளன்று, ஃபூக்கேயைச் சிறைப்பிடிக்க உத்தரவிட்டார். கையாடல் குற்றத்துக்கு நீதிபதிகள் விதித்த தண்டனை நாடு கடத்தல். அரசரோ அதனை ஆயுட்சிறையாக மாற்றினார். ஃபூக்கே 1680-இல் சிறையிலேயே இறந்தார். அவருடைய வீழ்ச்சிக்கு வேறு காரணங்களும் உண்டு. விருந்துக்கு முன்பே அவர் தலைவிதி தீர்மானமாகிவிட்டது என்று சரித்திர ஆசிரியர்கள் கூறுவர். ஆனாலும் அந்தத் தோட்டத்து ஆரஞ்சு மரங்களும், அதனை உண்டாக்கிய மூவரும், அதாவது மாளிகையைக் கட்டிய லூயி லெ வோ, உட்கூரைகளில் சித்திரம் தீட்டிய ஷார்ல் லெ ப்ரூன், நந்தவனத்தைச் சிருஷ்டித்த ஆந்த்ரே லெ நோத்ர் ஆகியோரும், வெர்சாய்க்கு வந்து சேர்ந்தது தற்செயல் என்று சொல்வதற்கில்லை.

இம்மூவரில் நம் கதைக்கு வேண்டியவர் லெ நோத்ர். 1613-இல் பிறந்த அவர் பரம்பரைத் தோட்டக்காரர்; தந்தை பாரிஸில் த்யுல்ரி அரச தோட்டத்தில் வேலை பார்த்தவர். ஓவியமும் கணிதமும் கற்று, மண்ணையும் நீரையும் மரத்தையும் ஒரு சித்திரக்காரன் வர்ணங்களைக் கையாளுவதுபோலக் கையாளப் பழகிய பின்னும், தாம் தோட்டக்காரர் என்பதை அவர் மறந்ததும் இல்லை, மறைத்ததும் இல்லை. 1675-இல் அரசர் அவருக்குப் பிரபுப் பட்டம் வழங்கிக் குலச்சின்னம் ஒன்று தர முன்வந்தபோது, தமக்கு ஏற்கெனவே ஒரு சின்னம் உண்டென்றும், மூன்று நத்தைகளும் அவற்றின் மேல் ஒரு முட்டைக்கோசும்தான் அது என்றும் அவர் சொன்னதாக ஒரு கதை வழங்குகிறது. முகஸ்துதியே தாய்மொழியாக இருந்த அந்த அரசவையில் இவ்வளவு எளிமையாகப் பேசிய மனிதரை அரசர் நாற்பது ஆண்டுகள் உவந்து வைத்திருந்தார் என்பது, அரசரைப் பற்றியும் நாம் நல்லபடியாக ஒன்று நினைக்க இடம் தருகிறது.

லெ நோத்ர் முதலில் எடுத்தது மண்வெட்டி. மேடுகளைச் சீவிப் பள்ளங்களை நிரப்பி, அரண்மனையின் பின்புறத்தில் ஒரு பெருந்தளத்தையும், அதிலிருந்து படிப்படியாக இறங்கும் சரிவுகளையும் உண்டாக்கினார். நிழல் தருவதற்குக் கன்றுகள் வளரும்வரை காத்திருக்க அரசருக்குப் பொறுமை இல்லையாதலால், தூர தேசத்துக் காடுகளிலிருந்து வளர்ந்த மரங்களையே வேரோடு பெயர்த்து வண்டிகளில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். பட்டுப்போனவற்றின் இடத்தில் மீண்டும் கொண்டுவந்து நட்டார்கள். தெற்கே நாறிக்கிடந்த ஒரு சதுப்பு நிலத்தை அரசரின் சுவிட்சர்லாந்துக் காவற்படையினர் 1678 முதல் அகழ்ந்து ஒரு பெரிய ஏரியாக்கினர். அங்கிருந்து எடுத்த மண் பக்கத்திலேயே அரசரின் காய்கறித் தோட்டத்துக்குப் பயன்பட்டது. அத்தோட்டத்தை ஆண்ட லா கேன்தினி, வக்கீல் தொழிலுக்குப் படித்துவிட்டுச் செடிகளின் வழக்கைக் கவனிக்க வந்தவர். மதிற்சுவரின் வெப்பத்தையும் எருவின் சூட்டையும் கண்ணாடி மூடிகளையும் கொண்டு, பருவத்துக்குப் பல வாரங்கள் முன்னதாகவே ஸ்ட்ராபெரியும் அத்திப்பழமும் அரசரின் மேசைக்கு அனுப்பினார். அத்திப்பழத்தில் அரசருக்கு அளவற்ற பிரியம். சுமார் 9 ஹெக்டேர் பரப்புள்ள அந்தக் காய்கறித் தோட்டம் இன்றும் விளைகிறது.

அரண்மனையின் பின்வாசல் வழியே வெளியே வந்து நிற்கும் ஒருவருக்கு முதற்பார்வையில் எல்லாம் தெரிந்துவிட்டதாகவே தோன்றும். முன்னே வானத்தைப் பிரதிபலிக்கும் இரண்டு செவ்வகத் தடாகங்கள். அவற்றுக்கு அப்பால், நேர்கோட்டில், 335 மீட்டர் நீளமுள்ள பசும்புல் வீதி. அதற்கும் அப்பால் தொடுவானம் வரை ஒளிரும் பெருங்கால்வாய். ஆனால் நடக்கத் தொடங்கியதும் அந்தத் தோட்டம் தன் சாமர்த்தியத்தைக் காட்டுகிறது. தளத்தின் விளிம்புக்கு வந்தாலன்றிக் கீழே லதோனாவின் நீரூற்று இருப்பது தெரியாது. தொலைவிலுள்ள நீர்ப்பரப்புகள் தூரத்தினால் சிறுத்துத் தோன்றாதபடி அவற்றைப் பெரிதாக வெட்டியிருப்பதால், அருகிலிருப்பதாக எண்ணிப் புறப்பட்டவர், எவ்வளவு நடந்தும் கால்வாய் அதே தூரத்தில் இருப்பது கண்டு வியக்கிறார். 1668-இல் தொடங்கிப் பதினோர் ஆண்டுகள் வெட்டப்பட்ட அக்கால்வாய் ஒரு சிலுவை வடிவில் அமைந்தது. அதன் நீண்ட கரம் 1,670 மீட்டர். வெனிஸ் குடியரசு அனுப்பிய கொந்தோலாப் படகுகளும், அவற்றைச் செலுத்திய வெனிஸ் படகோட்டிகளும் அதன் தலைப்பில் ஒரு சிறு குடியிருப்பாக வாழ்ந்தனர். இருமருங்கிலும் உயர்ந்த வேலிகளுக்குள்ளே மறைந்திருக்கும் தோப்புகளோ ஒவ்வொன்றும் ஒரு தனி உலகம்: ஒன்றில் நடன அரங்கு, ஒன்றில் பளிங்குத் தூண் வட்டம், ஒன்றில், இப்போது இல்லாமற்போன, ஈசாப்பின் கதைகளைச் சொல்லிய 39 நீரூற்றுகள் கொண்ட சுற்றுவழி.

இவற்றையெல்லாம் எந்த வரிசையில் பார்ப்பது? அதற்கும் அரசரே விடை எழுதி வைத்தார். வெர்சாய் தோட்டத்தைக் காட்டும் முறை என்று அவர் 1689 முதல் சில தடவை திருத்தித் திருத்தி எழுதிய ஒரு சிறு கையேடு இன்னும் இருக்கிறது. எந்த வாசலால் வெளியேறுவது, எந்தப் படியின் தலைப்பில் நின்று எதை நோக்குவது, எங்கே இடப்பக்கம் திரும்புவது என்ற கட்டளைகளைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை. வர்ணனை இல்லை, பெருமிதம் கூட இல்லை. ஐரோப்பாவையே நடுங்கவைத்த ஒரு மன்னர், சேனாபதிகளுக்கு ஆக்ஞை எழுதும் அதே வறண்ட நடையில், விருந்தினரின் கண்களுக்கும் ஆக்ஞை எழுதியிருப்பதைப் படிக்கும்போது, இந்தத் தோட்டம் எதற்காக உண்டாக்கப்பட்டது என்பது எந்த விளக்கவுரையையும்விடத் தெளிவாக விளங்குகிறது.

சிற்பங்களும் அதே பாடத்தைத்தான் சொல்லுகின்றன. அரசர் தமக்குச் சூரியனைச் சின்னமாகக் கொண்டவர். ஆகவே சூரிய தேவனாகிய அப்பல்லோவின் கதையே தோட்டத்தின் முதுகெலும்பு. அவன் தாயாகிய லதோனா, கைக்குழந்தைகளோடு அலைந்து தாகத்தால் தவித்தபோது, குளத்து நீரைக் குடிக்கவிடாமல் கலக்கிய குடியானவர்கள் தவளைகளாக மாறிப்போகும் கிரேக்கக் கதை, மார்சி சகோதரர்கள் செதுக்கிய நீரூற்றில் விரிகிறது. பாதி மனிதனும் பாதி தவளையுமாக வாயைப் பிளந்து நிற்கும் ஓர் உருவத்தை நெருங்கிப் பார்த்தால், விரல்களுக்கிடையே சவ்வு முளைத்துவிட்டது, கண்களில் மட்டும் மனிதனின் திகில் இன்னும் மிச்சமிருக்கிறது. நீர் அந்த வாயிலிருந்துதான் பீறிடுகிறது. அரசரின் இளமையில் பிரபுக்கள் செய்த கலகத்துக்கு இது ஓர் எச்சரிக்கை என்று கருதுவோரும் உண்டு. கீழ்க்கோடியில், த்யூபி வார்த்துப் பொன் முலாம் பூசிய அப்பல்லோவின் தேர், நான்கு குதிரைகள் பூட்டி, நீரைக் கிழித்துக்கொண்டு எழுகிறது. ஏழு குதிரை பூட்டிய சூரிய ரதத்தைக் கோயில்களில் கண்டு பழகிய நமக்குக் குதிரைகளின் குறைவு பெரிதாகப் படாது. ஆனால் அந்தத் தேர் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி, அதாவது அரண்மனையை நோக்கி, ஓடுகிறதே என்று நிச்சயமாகக் கேட்கத் தோன்றும். சூரியனே தன் வழியை மாற்றிக்கொண்டு அரசரைக் காண வருகிறான்! இதைக் குறை என்று சொன்ன அறிஞர் உண்டு. அதற்கு வரைபடம் தந்த லெ ப்ரூன் திசை தெரியாதவர் அல்லர் என்பதே நம் அபிப்பிராயம்.

இனித் தண்ணீருக்கு வருவோம். பொன் தேரும் தவளைகளும் நீர் பாயும்போதுதான் உயிர் பெறும், நீரோ இல்லை. பக்கத்திலிருந்த க்ளான்யி என்னும் குளத்து நீரைக் குதிரைகள் சுற்றும் யந்திரங்களாலும் காற்றாலைகளாலும் மேலே ஏற்றித் தொட்டிகளில் நிரப்பி, அங்கிருந்து குழாய்களில் இறக்குவதே முதல் ஏற்பாடு. இத்தாலியிலிருந்து வந்து குடியேறிய ஃபிரான்சின் குடும்பத்தார் இந்த வித்தையில் நிபுணர்கள். உயரத்திலிருந்து இறங்கும் நீர் தன் பாரத்தாலேயே குழாய்முனையில் மேலெழும் என்ற ஒரே தத்துவத்தின் மீது அவர்களுடைய ஜாலங்கள் அனைத்தும் நின்றன. இன்றும் அப்படியே நிற்கின்றன. நீரூற்றுகள் பெருகப் பெருகத் தொட்டிகள் வறண்டன. எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் திறந்துவிட்டால் சேர்த்த நீர் வெகு சீக்கிரத்தில் காலியாகிவிடும். எனவே மந்திரி கோல்பேர் ஓர் உபாயம் வகுத்தார். அரண்மனை ஜன்னல்களிலிருந்து தெரியும் ஊற்றுகள் மாத்திரம் ஓயாமல் ஓடவேண்டும். ஏனையவை அரசர் நெருங்கும்போது திறந்து, அவர் கடந்ததும் மூடப்பட வேண்டும். புதர்களின் மறைவில் நின்ற ஊழியர்கள் சீழ்க்கையடித்து ஒருவருக்கொருவர் சைகை கொடுத்தனர்; ஒரு சீழ்க்கைக்கு ஓர் அடைப்பு திறந்தது, அடுத்த சீழ்க்கைக்கு முன்னது மூடியது. அரசர் நடந்த வழியெல்லாம் அமிர்ததாரை பொங்கிற்று. அவர் முதுகுக்குப் பின்னால் எல்லாம் அடங்கிற்று. இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த ஏற்பாடு அரசருக்கும் நன்றாகத் தெரியும்.

தெரிந்தும் திருப்தி அடைந்தாரில்லை. தென்பிரான்சில் இரு கடல்களை இணைக்கும் கால்வாயை வெட்டிப் புகழ்பெற்ற ரிகே, லுவார் நதியையே வெர்சாய்க்குக் கொண்டுவந்து விடுகிறேன் என்று முன்வந்தார். நதி வருமென்றால் யாருக்குத்தான் ஆசை இருக்காது? நல்லவேளையாகக் கோல்பேர், ழான் பிகார் என்னும் வானசாஸ்திரியை அனுப்பி மட்டம் பார்க்கச் சொன்னார். பூமியின் அளவைக் கணக்கிட்ட அந்த மேதை, தொலைநோக்கி பொருத்திய மட்டக்கருவியோடு போய் அளந்து, லுவார் நதியின் படுகை வெர்சாயைவிடத் தாழ்ந்தது, ஆகவே நீர் மேல்நோக்கி ஓடச் சம்மதித்தாலன்றி இது நடவாது என்பதை எண்களால் நிரூபித்தார். பல லட்சம் பணம் மண்ணில் புதையாமல் ஒரு மட்டப்பலகை காப்பாற்றிய சந்தர்ப்பம் அது. அதற்குப் பதிலாக, தெற்கிலும் மேற்கிலும் உள்ள மேட்டுநிலங்களில் விழும் மழைநீரைச் சிறு வாய்க்கால்களால் திரட்டி, குளம் குளமாகத் தேக்கி, சரிவாகவே வெர்சாய்க்கு இறக்கும் திட்டம் உருவாயிற்று. ஆரவாரமில்லாத அந்தக் குளங்கள்தாம் கடைசிவரை கைகொடுத்தன.

ஆரவாரமானது மார்லி யந்திரம். சேன் நதியில், 1681-இல் தொடங்கி 1684-இல் முடித்த அந்தப் பூதத்தை அமைத்தவர், லியேஜ் நகரத்துப் பக்கத்துச் சுரங்கங்களில் நீர் இறைக்கும் வித்தையைக் கற்ற ரென்கின் சுவாலெம் என்னும் தச்சர். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12 மீட்டர் விட்டமுள்ள 14 சக்கரங்களை நதியின் ஓட்டம் சுழற்றியது. 200-க்கும் மேற்பட்ட பம்புகள், மலைச்சரிவின் மீது நெடுகப் போடப்பட்ட இரும்புத் தண்டுகளால் இயங்கி, மூன்று தவணையாக நீரை 150 மீட்டருக்கும் மேலே தள்ளின. உச்சியில் கட்டியிருந்த கற்பாலத்தின் வழியே அது ஓடியது. மரமும் இரும்பும் தோலும் ஒன்றோடொன்று உராயும் ஓலத்தைப் பொறுக்கமாட்டாமல் சுற்றுவட்டாரத்தார் அவதிப்பட்டனர். எப்போதும் ஏதாவதொன்று ஒடிந்துகொண்டே இருந்தது. உலக அதிசயம் என்று வேற்று நாட்டார் வந்து பார்த்துப் போன அந்த யந்திரம் ஏற்றிய நீரில் பெரும்பகுதியை, அரசர் அருகிலேயே கட்டிக்கொண்ட மார்லி என்னும் இன்னொரு மாளிகையின் தோட்டம் குடித்துவிட்டது. ஆயினும் 1817 வரை அது ஓடிற்று என்பதைத் தச்சரின் பெருமைக்காகச் சொல்லத்தான் வேண்டும்.

அதுவும் போதாமல், 1685-இல், யூர் நதியை 80 கிலோமீட்டர் தூரத்திலிருந்து கொண்டுவரும் பிரயத்தனம் தொடங்கியது. கோட்டை கட்டுவதில் ஈடிணையற்ற வோபான் அதற்குத் திட்டம் வகுத்தார். போரில்லாமல் சும்மா இருந்த படைவீரர்கள் 30,000 பேர்வரை மண்வெட்டவும் கல்சுமக்கவும் அனுப்பப்பட்டனர். மான்தனோன் என்னுமிடத்துப் பள்ளத்தாக்கைக் கடக்க, மூன்று அடுக்கு வளைவுகளின் மேல் நீர்ப்பாலம் எழுப்ப வேண்டியிருந்தது. கிளறிவிட்ட சதுப்பு நிலத்தின் காய்ச்சல் பாளையத்துக்குள் புகுந்தது. போர்க்களத்தில் சாகாத வீரர்கள் குவியல் குவியலாக அங்கே மடிந்தனர். 1688-இல் போர் மூண்டது. மிஞ்சிய படை எல்லைக்குப் போயிற்று. முதல் அடுக்கு வளைவுகளோடு பாலம் நின்றுவிட்டது. அடுத்த ஆண்டில் அதே போரின் செலவுக்காக அரசர் தம் அரண்மனையின் வெள்ளித் தட்டுமுட்டுகளையெல்லாம் உருக்கி நாணயமாக்கினார். கொடி படர்ந்த அந்த வளைவுகளை மான்தனோனில் இன்றும் காணலாம். ஒரு சொட்டு நீரும் அவற்றின் மேல் ஓடியதில்லை. வெர்சாயிலேயே 1685-ஆம் ஆண்டில் 36,000 பேர் வேலை செய்ததாக அரசவைக் குறிப்பு ஒன்று கூறுகிறது. பிணங்களை இரவில் வண்டி வண்டியாக அகற்றினார்கள் என்று செவீன்யே சீமாட்டி 1678-இலேயே ஒரு கடிதத்தில் எழுதினார். நம் நாட்டிலும் அரசர்கள் ஏரி வெட்டுவித்தார்கள், வேலைவாங்கினார்கள், குடிகளை வருத்தவும் செய்தார்கள். ஆனால் அந்த ஏரிக்குக் கீழே வயல் இருந்தது. வெர்சாயின் தடாகங்களுக்குக் கீழே இருப்பவை தடாகங்களே. அழகு ஒரு பயன் ஆகாதா என்று கேட்கலாம்; ஆகும். அதற்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதைக் கொடுத்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

அரண்மனையைப் பற்றி உலகத்தார் நிறையவே அறிவார்கள். சுருக்கமாகச் சொன்னால் போதும். 1682-ஆம் ஆண்டு மே 6-ஆம் தேதி அரசவையும் அரசாங்கமும் அங்கே குடியேறின. ஆர்தூவன்-மான்சார் அமைத்த கண்ணாடிக் கூடம் 73 மீட்டர் நீளமுடையது. அதன் 17 ஜன்னல்களுக்கு எதிரே 17 வளைவுகளில் 357 கண்ணாடிகள் பதிக்கப்பட்டன. பொன்னையும் பளிங்கையும் எண்ணிப் பார்ப்போர், அக்கண்ணாடிகள் பிரதிபலிக்கும்படி அமைந்தது தோட்டத்தைத்தான் என்பதைக் கவனிப்பதில்லை. மாலை வெயில் கால்வாயில் பட்டு, ஜன்னல் வழியே வந்து, கண்ணாடியில் சிதறும்போது, தோட்டம் முழுவதும் சுவருக்குள் வந்துவிடுகிறது. சியாம் தேசத்துத் தூதர்கள் 1686-இல் அங்கே வரவேற்கப்பட்டனர். ஜெர்மானியப் பேரரசு 1871-இல் அங்கேதான் பிரகடனமாயிற்று. 1919-இல் அதே கூடத்தில் ஜெர்மனி தோல்வியுற்றுச் சமாதான உடன்படிக்கையில் கையொப்பமிட்டது.

கூடத்தைவிட அதற்குத் தெற்கே நிலவறைபோல் அமைந்த ஆரஞ்சு மண்டபமே நமக்கு அதிக வியப்பளிப்பது. 1684-இல் மான்சார் தொடங்கிய அது, இருபுறமும் நூறு நூறு படிகள் இறங்க, தெற்கு வெயிலை நோக்கி நிற்கிறது. நம் வீட்டுக் கொல்லையில் கேட்பாரற்றுக் காய்த்துக் குலுங்கும் நார்த்தைக்கும் எலுமிச்சைக்கும் உறவான ஆரஞ்சு, அந்தக் குளிர்தேசத்தில் ராஜகுமாரனைப்போல் வளர்ந்தது. ஒவ்வொரு மரத்துக்கும் இரும்புச் சட்டமிட்ட ஒரு சதுர மரப்பெட்டி. பலகைகளைக் கழற்றி வேரைக் கத்தரிக்கவும் மண்ணை மாற்றவும் வசதி உண்டு. மே மாதத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெட்டிகளை வண்டியில் ஏற்றி வெளியே வரிசையாக வைப்பதும், அக்டோபரில் பனி விழுமுன் உள்ளே கொண்டுபோவதும் இன்றும் நடக்கிற உற்சவம். தடித்த சுவரும் தெற்கு ஜன்னல்களும் சேர்ந்து, நெருப்பு மூட்டாமலே உள்ளே உறைபனி நுழையாதபடி காத்தன.

வாசனையில் அரசருக்கிருந்த மோகத்துக்குத் த்ரியனோன் சாட்சி. பெரிய அரண்மனையின் சடங்குகளிலிருந்து தப்பி ஓய்வெடுப்பதற்கென்று தோட்டத்தின் கோடியில் கட்டிய அந்தச் சிறு மாளிகையைச் சுற்றி மலர்ப்பாத்திகள். செடிகள் தொட்டிகளோடு மண்ணில் புதைக்கப்பட்டமையால், ஒரே இரவில் பாத்தியின் நிறத்தையே மாற்றிவிட முடிந்தது. அங்கே மிகுதியாக வைத்தது, மெக்சிகோவிலிருந்து உலகெங்கும் பரவிய நிலச்சம்பங்கி, நம் பூக்கடைகளில் மாலைக்கென்று கூடையாக வந்து இறங்கும் அதே பூ. ஒரு மாலையில் அதன் நறுமணம் தாங்கமாட்டாமல் எல்லோரும் தோட்டத்தை விட்டு வெளியேற நேர்ந்ததைச் சேன்-சீமோன் எழுதியிருக்கிறார். கல்யாண வீட்டில் சம்பங்கி மாலைகள் குவிந்த அறையில் இருந்தவர்களுக்கு இது மிகையாகத் தோன்றாது.

லெ நோத்ர் 1700-இல், 87 வயதில் இறந்தார். அதற்குச் சில காலம் முன்பு அரசர் அவரைத் தோட்டத்துக்கு அழைத்துவந்து, தம்முடைய உருளும் நாற்காலிக்குப் பக்கத்தில் அதேபோன்ற ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, வழிநெடுகப் பேசிக்கொண்டே சென்றாராம். தம் தந்தை இந்தக் காட்சியைப் பார்க்க இல்லாமற்போனாரே என்று அந்தக் கிழவர் உருகினார். மான்சார் புதிதாக அமைத்த பளிங்குத் தூண் வட்டத்தைப் பற்றி அரசர் அபிப்பிராயம் கேட்ட வேறொரு சமயத்திலோ, ஒரு கொத்தனைத் தோட்டக்காரனாக்கினீர்கள், அவன் தன் தொழிலைக் காட்டியிருக்கிறான் என்ற கருத்துப்பட அவர் பதில் சொல்லத் தவறவில்லை.

பின்வந்த அரசர்களில் 15-ஆம் லூயி தாவரசாஸ்திரத்தில் ஈடுபட்டவர். 1759-இல் பெர்னார் த ழுஸ்யே செடிகளை அவற்றின் இயல்பான குடும்பங்களின்படி வரிசைப்படுத்தியது த்ரியனோன் தோட்டத்தில்தான். 16-ஆம் லூயியின் ராணி மரி அந்துவானெத்துக்கு நேர்கோடுகள் பிடிக்கவில்லை. வளைந்தோடும் ஓடையும் செயற்கைக் குன்றுமாக ஆங்கிலப் பாணித் தோட்டம் ஒன்றை அமைத்ததோடு, ஒரு குளக்கரையில் கூரை வேய்ந்த குடிசைகளும் மாட்டுத்தொழுவமும் கொண்ட சிற்றூர் ஒன்றையும் 1783-இலிருந்து அவள் உண்டாக்கினாள். புதிதாகப் பூசிய சுவர்களில் வெடிப்புகளைச் சித்திரமாகத் தீட்டிப் பழமை காட்டினார்கள். உள்ளே போனால் ராணிக்குரிய ஆசனங்கள். மெய்யான குடியானவன் வீட்டுச் சுவரின் வெடிப்புக்கு வர்ணம் தேவைப்படவில்லை என்பதைச் சொல்ல ஆள் இல்லை.

அக்காலத்தில்தான் தமிழ்க்கரைக்கும் வெர்சாய்க்கும் ஒரு தொடர்பு உண்டாயிற்று. மைசூர் சுல்தான் திப்பு அனுப்பிய மூன்று தூதர்கள் 1787-ஆம் ஆண்டு ஜூலையில் புதுச்சேரித் துறைமுகத்தில் கப்பலேறி, ஏறக்குறைய ஓர் ஆண்டு கழித்துத் தூலோன் துறைமுகத்தில் இறங்கினர். 1788 ஆகஸ்டு 10-ஆம் தேதி வெர்சாயில் அரசர் அவர்களை வரவேற்றார். தலைப்பாகையும் மஸ்லின் அங்கியுமாக அவர்கள் போகுமிடமெல்லாம் கூட்டம் கூடியது. அவர்களில் ஒருவராகிய முகம்மது தர்வேஷ் கானை விஜே-லெ ப்ரூன் அம்மையார் தீட்டிய சித்திரம் பிரசித்தமானது. ஆங்கிலேயரை எதிர்க்கப் படை கேட்டு வந்த தூது பலிக்கவில்லை. பொக்கிஷம் காலியாக இருந்த அரசனிடம் படை ஏது? சுல்தான் கேட்டனுப்பிய மற்றவையான கைவினைஞர்களும் தோட்டக்காரர்களும் விதைகளும் கிடைத்தன. மறுவருஷம் அக்டோபர் 6-ஆம் தேதி, பாரிஸிலிருந்து ரொட்டி கேட்டு நடந்துவந்த பெண்களும் காவற்படையினரும் சூழ, அரசகுடும்பம் வெர்சாயை விட்டுப் புறப்பட்டது, திரும்பவில்லை.

புரட்சி அரண்மனையை இடிக்கவில்லை. மேசை நாற்காலிகளை ஓராண்டு முழுதும் ஏலம் போட்டது. தோட்டத்தின் சில பகுதிகளில் பழமரங்களையும் காய்கறிகளையும் பயிரிட்டது. 1837-இல் லூயி-ஃபிலிப் மன்னர் அரண்மனையைத் தேசியச் சரித்திரக் காட்சிசாலையாக்கினார். இன்று அரண்மனைக்குரிய நிலம் 800 ஹெக்டேருக்குச் சற்று மேல். பழைய வேட்டைக்காட்டோடு ஒப்பிட்டால் பத்தில் ஒரு பங்கு. வசந்தத்திலிருந்து இலையுதிர்காலம் வரை குறித்த நாட்களில் நீரூற்றுகள் திறக்கப்படுகின்றன. லூயியின் காலத்துக் குழாய்களில் பல இன்னும் மண்ணுக்கடியில் உழைக்கின்றன. ஊழியர்கள் நீண்ட இரும்புச் சாவிகளைத் தரையிலுள்ள துளைகளில் இறக்கி அடைப்பைத் திருப்புகிறார்கள். உபயோகித்த நீர் கால்வாயில் சேர்ந்து மீண்டும் மேலேற்றப்படுகிறது என்பதொன்றே பெரிய மாறுதல்.

மரங்களின் விஷயம் வேறு. கல்லைப்போல் அவற்றை வைத்துக் காக்க முடியாது. லெ நோத்ர் நட்டவை ஒரு நூற்றாண்டில் கிழடுதட்டி, 1775-இல் ஒருசேர வெட்டப்பட்டு, மறுநடவு நடந்தது. 1990-இல் ஒரு புயலும், 1999 டிசம்பர் 26-ஆம் தேதி அதனினும் கொடிய இன்னொரு புயலும் வீசின. பின்னது சுமார் 10,000 மரங்களைச் சாய்த்தது. ராணியின் காலத்து வர்ஜீனிய டியூலிப் மரமும் அவற்றில் ஒன்று. அழுதவர்கள் பலர், ஆனால் மறுநடவு நடந்தபிறகு வேலிகள் லெ நோத்ர் எண்ணிய உயரத்துக்கே மீண்டன, மறைந்திருந்த காட்சிகள் திறந்தன. அழிந்துபோன நீர் அரங்கத் தோப்பின் இடத்தில் 2015-இல் லூயி பெனெஷ் புதிய தோட்டம் ஒன்றை அமைத்தார்; ஒத்தோனியேல் என்னும் சிற்பி, 14-ஆம் லூயியின் காலத்து நடனக் குறியீடுகளைத் தழுவி, பொன்னிறக் கண்ணாடி உருண்டைகளாலான நீரூற்றுகளை அதில் வைத்தார். பழமையைக் கெடுத்துவிட்டார்கள் என்று சிலர் முறையிட்டனர். 14-ஆம் லூயியே இந்தத் தோட்டத்தின் தோப்புகளைச் சலிக்கும்போதெல்லாம் கலைத்து மாற்றியவர். லெ நோத்ர் கண்ணெதிரிலேயே அவருடைய படைப்புகள் சில இடிபட்டன. அந்த முறையீட்டை அரசரிடம் கொண்டுபோயிருந்தால், முறையிட்டவர்களைக் காக்கவைத்துவிட்டு, கண்ணாடி உருண்டைகளுக்கு இன்னும் கொஞ்சம் தண்ணீர் விடச் சொல்லியிருப்பார்.